சனிக்கிழமை கேரம் பாடு

எங்கள் கோயில் ஹாலில் இளைஞர் மன்றம் தொடங்கியபோது அதன் மொத்தச் சொத்து ஒரே ஒரு கேரம் போர்டு. ஆடத் துடித்த பிள்ளைகளோ முப்பது பேருக்குக் குறையாது. முதலில் வருகிறவர் முதலில் ஆடட்டும் என்றார் ஃபாதர். அவர் தெற்கத்திக்காரர், பழவேற்காட்டுக்குப் புதிது. இரண்டே நாளில் ஒருவன் மண்டை உடைந்தது.

பிள்ளைகளே வழி சொன்னார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கேரம் போர்டுக்கும் பாடு வைத்துவிட்டால் போயிற்று. பாடு என்று வந்துவிட்டால் ஊர்ச் சட்டமும் கூடவே வரும் அல்லவா? ஆண்பிள்ளைகள் பெயரை மட்டும் எழுதினார்கள்.

"என் பேரு எங்க?" என்றேன். எனக்கு அப்போது பத்து வயது.

"பொண்ணுங்களுக்கு ஏது பாடு?" என்று சிரித்தார்கள்.

சட்டம் தெரியாத ஃபாதர் தன் கையாலேயே என் பெயரை எழுதிப் போட்டார். எனக்குச் சனிக்கிழமை விழுந்தது. எதிரே உட்கார ஒரு பயலும் வரவில்லை. நாலு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து, நானே ஜெயித்து நானே தோற்றேன். அம்மா இறால் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். இவளுக்குக் கேரம் மேல் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் பெரியப்பா என்னைத் தேடி வந்தார். ஊர்ப் பெரியவர்களில் அவரும் ஒருவர். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நைனா இறந்தபின் நைனாவுக்கு விழுந்த ஏரிப் பாடு நாட்களில் பெரியப்பாதான் வலை கட்டிவந்தார். அம்மா அடுத்தவர் பிடித்த இறாலை வாங்கிச் சுமந்து விற்றாள். பெரியப்பா என்னை சைக்கிளில் ஏற்றி பஜாருக்குக் கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.

"ஊரு கூடிக்கீது கண்ணு. வந்து, எனக்கு பாடு வாணாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்றியா?"

என் கேரமுக்காக ஊரே கூடியிருக்கிறது என்றால் பெருமையாக இருக்காதா? தனியாக ஆடி எனக்கும் அலுத்துவிட்டது. சரி என்றேன்.

ஹாலில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"இதே ஹால்ல எம் பொண்ணுக்கு பாடு உண்டுன்னா, ஏரியில எம் புருஷன் பாட்ட எனக்குக் குடுத்தா இன்னா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிலர் தலை குனிந்திருந்தார்கள். பெரியப்பா என் தோளைத் தட்டினார்.

"எனக்கு பாடு வாணாம்!" என்றேன்.

"கேட்டுக்கினியா? உம் பொண்ணே வாணாங்குது," என்றார் பெரியப்பா. எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்க அம்மா எத்தனை நாள் தைரியம் சேர்த்திருப்பாள் என்று இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. அன்று அவள் கையைப் பிடித்துக் குதித்துக் குதித்து வீட்டுக்கு வந்தேன்.

"சத்தமா சொன்னேனாம்மா?"

"கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு," என்றாள்.

என்னைப் பாராட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன்.