சூடு ஆறிய பிரேக்

1. நீட்டிய தாள்

"பெடல் கல்லு மாதிரி இருக்கு. நானே அமுக்கிப் பாத்தேன். அந்தாளு பொய் சொல்றான். கையெழுத்துப் போடுய்யா."

எங்கள் எஸ்டேட் மேலாளர் அந்தத் தாளை நீட்டியது ஒரு சனிக்கிழமை காலை. ஓட்டுநர் மாரியப்பனைக் கவனக்குறைவுக்காக வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு அது. எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் நான் உதவி மேலாளராக இருந்தேன். படித்தது வேதியியல், ஆனால் வண்டிகளும் என் பொறுப்பு.

முந்தைய நாள் பிற்பகல், பழம் பறிக்கும் பெண்கள் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு ஜீப் மலையிறங்கியபோது, பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. மாரியப்பன் வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மேட்டுப் பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தில் கொண்டுபோய் மோதினார். ஒன்பது உயிர்களும் பிழைத்தன. அவர்களில் செல்லம்மாளின் வலது கை முறிந்தது.

"நாளைக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள்" என்றேன். துணிவினால் அல்ல. வண்டிகளின் புகார்ப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "எறக்கத்துல பெடல் மெத்துமெத்துன்னு ஆவுது" என்று மாரியப்பன் இரண்டு முறை சொல்லி எழுதவைத்திருந்தார். இரண்டு முறையும் நான் ஷெட்டில், சமதளத்தில், குளிர்ந்து நின்ற வண்டியின் பெடலை அமுக்கிப் பார்த்து, "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்திட்டிருந்தேன்.

2. டிகாக்ஷன்

ஞாயிறு காலை ஜீப்பை என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வரச் சொன்னேன். பம்பர் மட்டுமே வளைந்திருந்தது. மாரியப்பன் சக்கரத்தடியில் படுத்தார். என் மனைவி சரோஜா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

பெடலை அமுக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது பின்பக்க இடது சக்கரம். அதில் தொடங்கினோம். பழைய ஆயிலை வெளியேற்றும் நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் ஊற்றிய கண்ணாடிப் பாட்டிலில் அமிழ்த்தினோம்.

"அமுக்குங்கம்மா... புடிச்சுக்குங்க. நான் மூடுற வரைக்கும் உட்றாதீங்க. உட்டா காத்து உள்ள போயிருமுங்க."

"கால் வலிக்குது, மாரியப்பா. தெனமும் நீ இதத்தான் பண்றியா?"

"நான் அமுக்குனா தரைக்குப் போவுதுங்க. மேனேஜர் துரை அமுக்குனா கல்லு மாதிரி நிக்குது. ராசி அப்படிங்க."

குழாயில் வந்ததைப் பார்த்துச் சரோஜா சிரித்தாள். "ஏனுங்க, இதுலயும் காப்பிதானா?" கறுத்த டிகாக்ஷனேதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் டப்பாவில் ஆயில் குறையக் குறைய, அன்று திறந்த புது டின்னிலிருந்து ஊற்றி, தெளிவாக வரும்வரை நான்கு சக்கரங்களையும் முடித்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எங்கள் ஸ்டோரிலோ, திறந்த டின் தீராமல் புதியது தரக்கூடாது என்பது விதி. மூடி தொலைந்த அந்த டின், செய்தித்தாள் போர்த்தி, ஏற்காட்டு மூடுபனியில் ஒரு பருவம் முழுவதும் இருந்தது. இதற்கு மேல், டீசல் மிச்சத்துக்காக இறக்கத்தில் நியூட்ரலில் வர வேண்டும் என்பது மேலாளரின் உத்தரவு. கியரின் பிடி இல்லாமல் முழுச் சுமையும் பிரேக்குக்கு. பிரேக் சூடேறியதும் ஆயிலிலுள்ள நீர் கொதித்து ஆவியாகிறது. பெடல் தரைக்குப் போகிறது. சூடு ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிறது, பெடல் கல்லாகிறது. குற்றம் தன் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது.

3. ஸ்டவ்

திங்கட்கிழமை மேலாளரின் அலுவலக வராந்தாவில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். வாணலியில் தேங்காய் எண்ணெய். அதில் இரண்டு சோதனைக் குழாய்கள். ஒன்றில் ஜீப்பிலிருந்து எடுத்தது, மற்றதில் புதியது.

"என்னய்யா சமையல் இது?"

பழையது கொதித்துக் குமிழி விட்டது. புதியது அசையவில்லை. மேலாளர் பார்த்தார், நன்றாகவே புரிந்துகொண்டார். பிறகு சொன்னார்: "இருக்கட்டும். யாராவது ஒருத்தன் போய்த்தான் ஆகணும். கம்பெனிக்கு என்ன பதில் சொல்றது?"

இன்று எழுதும்போதும் அந்த வாக்கியம் என்னைக் கொதிக்கவைக்கிறது. புகார்ப் புத்தகத்தைத் திறந்து அவர்முன் வைத்தேன். "அப்படியானால் நான் போகிறேன். இரண்டு இடத்திலும் என் கையெழுத்துதான் இருக்கிறது. இந்தப் புத்தகமும் உங்கள் நியூட்ரல் உத்தரவும் என்னோடு கம்பெனிக்கு வரும்."

நீக்க உத்தரவு மேசை இழுப்பறைக்குள் போயிற்று. மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. மாரியப்பன் மறுநாள் இரண்டாம் கியரில் இறங்கினார், எவரும் தடுக்கவில்லை.

அந்த வாரம் செல்லம்மாளின் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்திருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ஆயில மாத்த எத்தன நேரமுங்க ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

"அவ்வளவுதானுங்களா?"

அந்தக் கை பிறகு முழுதாக நீளவே இல்லை. உயரக் கிளைகளை வேறொருவர் வளைத்துப் பிடித்தால்தான் அவரால் பழம் பறிக்க முடிந்தது.

பொறுப்பில் அமரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பழுது என்று ஒருவர் சொன்னால், அவர் அதை எந்த இறக்கத்தில், எவ்வளவு சுமையோடு கண்டாரோ, அங்கே அவரோடு போய்ப் பாருங்கள். அதற்கு முன் பேனாவைத் திறக்காதீர்கள்.