மெத்தை மேல் நடப்பது போல

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் உள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் ஜாஸ்மின் பதிவு மேசையில் உட்கார்ந்து மூன்று வருடமாகிறது. தத்துவத்தில் எம்.ஏ. முடித்தவள். "ஃபிலாசபி படிச்சிட்டு இன்னா பண்ணப் போற?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. அவளுடைய நைனா ஆரோக்கியநாதன் மட்டும், "வுடும்மா, எதுக்காச்சும் ஆவும்" என்பார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

நோயாளி டாக்டரைப் பார்க்குமுன் பெயர், வயது, எடை எல்லாம் எழுதிக்கொள்வது அவள் வேலை. வலி எவ்வளவு என்று கேட்டு, படிவத்தில் பூஜ்யம் முதல் பத்து வரை ஏதாவதொரு எண்ணை வட்டமிட வேண்டும்.

ஆடி மாதம் ஒரு காலையில் மேல்சித்தாமூரிலிருந்து சுமலதா வந்தார். நாற்பத்தெட்டு வயது, விவசாயக் குடும்பம். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்.

"கால் வலிக்குதாக்கா?"

"வலியெல்லாம் இல்லம்மா."

ஜாஸ்மின் பூஜ்யத்தை வட்டமிட்டாள். சுமலதாவின் முகம் வாடிவிட்டது. "போன எடத்துலயும் இதத்தான் போட்டாங்க. ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க."

ஜாஸ்மினுக்குச் சுருக்கென்றது. ஒன்றுமில்லாமலா இந்த அம்மா தோளைப் பிடித்து நடக்கிறார்? எம்.ஏ. வகுப்பில் படித்த, அனுபவத்தை மூன்றாகப் பிரிக்கும் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. அனுபவத்தில் முதலில் இருப்பது வெறும் குணம். புளியை வாயில் வைத்ததும், பெயர் தோன்றுவதற்கு முன்பே, கூசுகிறதே அது. அடுத்தது, ஏதோ ஒன்று நம்மேல் வந்து முட்டுவது. பெயரும் விதியும் எண்ணும் மூன்றாவதாகத்தான் வருகின்றன. அன்று அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினாள். இந்தப் படிவமோ முதல் இரண்டையும் தாண்டி, எண்ணில் போய் உட்கார்ந்திருக்கிறது.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"வலிய வுடுங்கக்கா. காலக் கீழ வச்சா எப்பிடி இருக்குது?"

சுமலதா காலைத் தரையில் ஒருமுறை ஊன்றிப் பார்த்தார். "மெத்த மேல நடக்கிறாப்ல இருக்குதும்மா. தரை இருக்குதுன்னு கண்ணு சொல்லுது, காலு சொல்ல மாட்டேங்குது. போன வாரம் ஒரு செருப்பு கழண்டு போனது தெரியாம ஒத்தச் செருப்போட வூட்டுக்கு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எழுத இடமில்லாததால் ஜாஸ்மின் அத்தனையையும் படிவத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

டாக்டர் பூங்குழலி அதை இரண்டு முறை படித்தார். சுமலதாவைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னதும் அவர் தள்ளாடி விழப்போனார். ரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமின் மிகவும் குறைந்திருந்தது. அதனால் நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தன. அன்றே ஊசி தொடங்கினார்கள்.

"நல்லவேள எழுதின ஜாஸ்மின்," என்றார் டாக்டர். "இன்னும் தள்ளிப்போயிருந்தா கஷ்டம்." அடுத்த மாதம் அச்சடித்து வந்த படிவத்தில், 'எப்படி இருக்கிறது?' என்ற கேள்விக்குக் கீழே நான்கு வெற்று வரிகள் இருந்தன.

பொங்கல் முடிந்து சுமலதா தனியாகவே பஸ் ஏறி வந்தார். இடது கால் விரல்களில் மட்டும் மரப்பு கொஞ்சம் மிச்சம்.

"களத்துல நெல்லு காயப்போட்டுக் காலால தள்ளினு இருந்தேம்மா. அடிப்பாதத்துல சுருக்குசுருக்குனு குத்துச்சு பாரு! அப்பிடியே நின்னுட்டேன்."

"எப்பிடி இருந்துச்சுக்கா?"

சுமலதா வாயைத் திறந்தார், மூடினார், கையை ஆட்டினார். "சொல்ல வரல. நீயே வந்து செருப்பக் கழட்டிட்டு நடந்து பாரு."

"ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சதும் வர்றேன்க்கா," என்றாள் ஜாஸ்மின்.