மருந்து போட்ட ரத்தம்

மீன் வாங்க வருகிறவர்களுக்கு அவன் சடையன். சதுரங்கப்பட்டினத்து வியாபாரிகளுக்கு ‘மோப்ப நாய்’. கெடாமல் இருக்க மருந்து போட்ட மீன் எந்தக் கூடையில் இருந்தாலும், செவுளைத் தூக்கி முகர்ந்துவிட்டு மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவான். அதனால் சிநேகிதர்கள் குறைவு. ஆட்டோ ஓட்டுகிற என்னோடு பேசுவான். நான் மீன் விற்பதில்லையே.

அவனுடைய இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாளே மஞ்சளாகிவிட்டது. அவன் மனைவி வச்சலாவும் பிள்ளையும் ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக, சடையன் பின்னாலேயே என் ஆட்டோவில் வந்தான்.

டாக்டர் அனு விளக்கினார். பிள்ளைக்கு வந்திருப்பது அப்பனின் ரத்த வகை. தாய்க்கு அது ஒத்துக்கொள்ளாது; தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சத்து பிள்ளையின் ரத்தத்தை உடைக்கிறது. நீல விளக்கில் வைத்தும் மஞ்சள் இறங்கவில்லை. மூளைக்கு ஏறுவதற்குள் ரத்தத்தையே மாற்ற வேண்டும், கொஞ்சம் எடுத்து, கொஞ்சம் ஏற்றி.

“பையில இருக்கிற ரத்தம் உறையாம இருக்க ஒரு மருந்து சேர்த்திருப்பாங்கண்ணா. அது குழந்தை ரத்தத்துல கால்சியத்தைக் குறைக்கும். உப்பு, சுகர்கூட ஏறி இறங்கும். டெஸ்ட் பண்ணிக்கிட்டே இருப்போம்.”

மருந்து என்றதும் சடையனின் மூக்கு விடைத்தது.

“மருந்து போட்ட மீனையே நான் தொட மாட்டேன் டாக்டரம்மா. அந்த மாதிரி ரத்தத்த எம்புள்ளைக்கு ஏத்தணும்ன்றியே? என்னாண்ட எடு. பிரெஷ்ஷா கீது.”

“உங்க வகை ரத்தம்தாண்ணா அங்க உடைஞ்சுக்கிட்டு இருக்கு.”

எத்தனையோ கூடைகளைக் கவிழ்த்தவன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான்.

வச்சலா கட்டிலில் இருந்தபடி கேட்டாள்: “அந்த மருந்து உள்ளயே நின்னுடுமா டாக்டர்?”

“நிக்காதும்மா. ஈரல் அதைக் கரைச்சிடும். அதுவரைக்கும் தேவைப்பட்டா கால்சியம் குடுப்போம்.”

வச்சலா புருஷன் பக்கம் திரும்பினாள்: “கேட்டுக்கினியா? செத்த மீன்லதான்யா மருந்து நிக்கும். இது உசுரோட கீது. போய் கையெழுத்து போடு.”

போட்டான்.

பாதி மாற்றியபோது பிள்ளையின் கை வெடவெடத்தது. கண்ணாடிக்கு வெளியே நின்ற சடையன் என் தோளைப் பிடித்தான். டாக்டர் திரையில் இதயத்துடிப்பைப் பார்த்தபடி கால்சியத்தை மெதுவாக ஏற்றினார். நடுக்கம் நின்றது. இவன் கை மட்டும் நிற்கவில்லை.

“அண்ணாத்த, உனக்கும் ஒரு ஊசி போட சொல்லட்டா?” என்றேன்.

சிரிக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

பிள்ளை இப்போது மார்க்கெட்டில் கூடைகளுக்கு நடுவே ஓடுகிறான். சடையன் இன்னும் செவுளைத் தூக்குகிறான். பிள்ளை விளையாட்டுக்குக் கையை உதறினால் மட்டும், முகர்வதை விட்டுவிட்டு அது நிற்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பான். மருந்து மீனை அடியில் தள்ள அதுதான் சரியான நேரம் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். நான் பார்த்தவரை ஒருவரும் தள்ளியதில்லை.