அடித்தண்ணீரும் இலவம்பஞ்சுத் தலையணையும்

என் வீட்டுக்காரர் உசேன் சாகர் ஏரியில் மோட்டார் படகு ஓட்டினார். படகின் அடியில் தண்ணீர் கசிந்து தேங்கும். இஞ்சின் எண்ணெயும் அதில் சொட்டிச் சேரும். சாயங்காலம் கரைக்கு வந்ததும் அதை வாளியால் இறைத்து ஏரியிலேயே ஊற்றிவிடுவார்.

அதே கரையில்தான் எங்கள் சலவைக்காரம்மா துணி வெளுப்பாள். ஒரு லாட்ஜின் படுக்கை விரிப்புகள்தான் அவளுக்குச் சோறு. ஒருநாள் எங்கள் வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தரம் எண்ணெக்கறை வந்தா துணி வேற ஆளுக்குன்னு லாட்ஜுக்காரன் சொல்லிட்டான் அம்மா. அய்யாகிட்ட சொல்லு."

சொன்னேன். "இவ்வளவு பெரிய ஏரிக்கு என் ஒரு வாளிதான் கேடா? போய் ரசத்தைப் பாரு" என்றார்.

கிருத்திகைக்கு முந்தின நாள் அவருடைய பூஜை வேட்டியை அவளிடம் கொடுத்தேன். "அய்யா வாளியை ஊத்தினதும் அங்கேயே அலசு."

"கைக்கு அம்மா, ஏன் இந்த வேலை? எனக்கு அடி வாங்கித் தரத்தானா?"

"பயம் நக்கோ, பயமே வேண்டாம். முருகன்கிட்ட கேட்டுட்டேன்."

உண்மையாகவே விளக்கேற்றிக் கேட்டிருந்தேன். முருகன் மறுக்கவில்லை.

மறுநாள் அல்வால் கோயிலில் பஜனை. இவர் அவசரமாக வேட்டியைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். தீபாராதனைக்கு எழுந்தபோது பின்பக்கம் தாம்பாளம் அளவுக்குப் பழுப்பு வளையம். பெண்கள் பாட்டை விட்டுவிட்டார்கள்.

"என்ன மாமா, படகோடவே வந்துட்டீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வீட்டுக்கு வந்ததும், "சலவைக்காரியை மாத்து" என்றார்.

"கறை அவளோடது இல்லீங்க, உங்களோடது. ஏரி பெரிசுதான். உங்க வாளி நேரா அவ கல்லுக்குத்தான் போகுது. லாட்ஜ் போனா அவ என்ன சாப்பிடுவா?"

வேட்டியின் கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "எண்ணெயை எங்கே கொண்டுபோறது?" என்றார்.

அவர் தலையணையை எடுத்துக் கொடுத்தேன். "உங்க தலையெண்ணெயை இத்தனை காலமா இதுதான் குடிக்குது. அலசப் போட்டா தண்ணி ஏறவே மாட்டேங்குது. இலவம்பஞ்சு. படகுல போட்டுப் பாருங்க."

அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். படகின் அடியில் மிதந்த எண்ணெயைப் பஞ்சு உறிஞ்சிக்கொண்டது. அதைப் பிழிந்து டின்னில் பிடித்தார். பயணி ஒருவர் முதுகுக்கு வைத்துக்கொள்ள அந்தத் தலையணையைக் கேட்டாராம். "நக்கோ சாப், அது இஞ்சினோடது" என்று சொல்லிவிட்டாராம்.

அடுத்த வாரம் சலவைக்காரம்மா லாட்ஜ் விரிப்பொன்றை எங்கள் வாசலில் உதறிக் காட்டினாள். மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. "துணி என்கிட்டயே இருக்கு அம்மா" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. இவரோ எல்லாம் தன் யோசனை என்பதுபோல் மீசையைத் தடவிக்கொண்டே, "ஒரு தலையணை பத்தலை" என்று என்னுடையதையும் எடுத்துக்கொண்டு போனார். அன்றிரவு பழைய புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டேன். காலையில் கழுத்து வலித்தது.