காட்டத் தழும்பில்லாத தைரியராஜ்

கடலூர் முதுநகரில் பேண்டு செட் வைத்திருக்கும் தைரியராஜ் ட்ரம்பெட்டை எடுத்தால், கல்யாண வீடோ சாவு வீடோ, தெருவே வாசலுக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி வந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, ஊர் அதை நம்பவில்லை.

காரணம், அவருக்கு நடந்தது லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் நாலு சின்ன ஓட்டை, தொப்புளுக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. கெட்டுப்போன குடலை அதன் வழியே எடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மனிதர் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அதே மாதம் அவர் மனைவி அந்தோணிமேரியின் அண்ணன், சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஆண்ட்ரூவுக்கும் அதே வியாதி. பழைய ஆபரேஷன் ஒன்றில் குடல் ஒட்டிக் கிடந்ததால் அவருக்கு வயிற்றைத் திறந்தே செய்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை தையல்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க ஹார்லிக்ஸோடு போவார்கள்; தையலைப் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். ஆண்ட்ரூவின் தையலைப் பார்த்தவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அங்கிருந்து பஸ் ஏறி இங்கே வந்தவர்கள், இவ்வளவுதானா என்று முகம் சுண்டிப்போய்க் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். தைரியராஜின் சொந்தத் தங்கை பெலிசியாவே, கொண்டுவந்த ஆப்பிளில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். ஆண்ட்ரூவுக்கு ஆகுமாம்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாதா கோயில் தேர் பவனி வந்துவிட்டதே, அதில் முன்னால் ஊதிப்போவது அவர்தானே! குடலை இணைத்த இடம் ஆறும்வரை மூச்சுப் பிடித்து ஊதக் கூடாது, உள்ளே பிரிந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு ஓட்டைக்கு இத்தனை பிகுவா என்று திருவிழாக் கமிட்டி கேட்டது. வேறு வழி தெரியாத தைரியராஜ், நெஞ்சிலிருந்து இடுப்பு வரை பெரிய பிளாஸ்திரியாக ஒட்டிக்கொண்டு, மறுபடியும் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். ஊர் உருகிப்போனது. ஹார்லிக்ஸ் குவிந்தது.

கடலூர் வேர்வை சும்மா விடுமா? பவனியன்று மாதா கோயில் வாசலில், பிளாஸ்திரி கழன்று சட்டைக்குக் கீழே தொங்கியது. பெலிசியா ஒரே இழுப்பாக இழுத்தாள். முழுசாகக் கையோடு வந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்தப் பழைய நாலு ஓட்டையையும் விரல் நீள வெட்டையும் தவிர, புதுத் தையலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கமிட்டித் தலைவர் சின்னையன் ட்ரம்பெட்டை அவர் கையில் திணித்தார்.

தைரியராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊதி, குடல் பிரிந்து, இங்கேயே விழுந்து செத்தாலாவது நம்புவார்கள் அல்லவா? வாயில் வைத்தேவிட்டார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆண்ட்ரூ வந்தார். திருவிழாவுக்கென்று சிதம்பரத்திலிருந்து தட்டுத்தடுமாறி வந்தவர். ட்ரம்பெட்டைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி தன் சட்டையைத் தூக்கினார்.

"நல்லா பாத்துக்குங்க. என்னுதும் அவருதும் ஒரே வியாதி. உள்ள அறுத்து எடுத்ததும் ஒண்ணுதான். அவரு ஊதுறதுக்கு நானே ஊதிட்டுச் சாவுறேன்."

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. அந்த நிமிஷமே தைரியராஜின் வியாதியையும் நம்பிவிட்டது. யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார்கள். ஆண்ட்ரூவுக்குத்தான்.

அவர் உட்காரவில்லை. மச்சானின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்துவிட்டு, காதருகே குனிந்தார்.

"ரொம்ப வலிக்குதா மச்சான்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அதை யாரும் கேட்டதில்லை, அந்தோணிமேரிகூட. ஊர்ச் சாவுக்கெல்லாம் கண் கலங்காமல் ஊதிய மனிதர், பவனி நகர்ந்துபோன பிறகும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.