பம்பருக்குப் பின்னால் இருந்தது

சிமித்லி என்ற சிறு ஊரில் டிங்கர் வேலை செய்யும் நெதியால்கோவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிரெஸ்னா மலையிடுக்குப் பக்கமிருந்து நொறுங்கிய காரை ஏற்றிக்கொண்டு மீட்பு லாரி வந்தால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். லாரியின் முதுகில் கிடப்பது பச்சை வண்டியா என்று பார்ப்பார். இல்லை என்று தெரிந்தால்தான் உள்ளே போவார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பச்சைக் காருக்கு முன்பக்க வேலை செய்திருந்தார். பம்பருக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் இரும்புச் சட்டம் மடங்கியிருந்தது. மோதினால் முதல் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். "பிளாஸ்டிக் மூடிக்கும் மேஸ்திரி, யாரு பாக்கப் போறா?" என்றான் வண்டிக்காரன். நெதியால்கோவும் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, மூடிக் கொடுத்துவிட்டார். அந்த வண்டிக்கு அப்புறம் என்ன ஆனது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கெட்டது ஏதாவது காதில் விழுந்திருந்தால்கூட அழுது முடித்திருப்பார். தெரியாமல் இருப்பதுதான் அவரை அரித்தது.

நவம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. மோதி நொறுங்கிய தன் காரைப் பட்டறையில் விட்டிருந்த பென்கோ, ஒரு சின்ன லாரியில் வேறொரு காரின் முழு மூக்கையே கொண்டுவந்து இறக்கினான். பானட், ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், குறுக்குச் சட்டம் எல்லாம் ஒன்றாக, அப்படியே அறுத்தெடுத்தது. காயலான் கடையை அந்த ஊரில் வண்டிப் பிணவறை என்பார்கள். அங்கிருந்து வந்த மூக்கு. அவன் காரின் அதே வெள்ளி நிறம்.

பென்கோவின் மனைவி ரலிட்சா, சாந்தான்ஸ்கி ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். தினமும் அந்த மலையிடுக்கு வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறாள். போன வாரம் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, இவள் போய் அதன் பின்புறத்தில் மோதிவிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரின் முகம்தான் போய்விட்டது.

"ஹெட்லைட்டும் கிரில்லும் வெளி மார்க்கெட்ல புதுசா வாங்குடா, போதும். குறுக்குச் சட்டம் மட்டும் கம்பெனியோடது புதுசா போட்டுக்கலாம்னு போன வாரமே சொன்னேனா இல்லையா?" என்றார் நெதியால்கோ.

"எதுக்கு மேஸ்திரி? இதுல எல்லாமே ஒரிஜினல்." பென்கோ சட்டைப் பையிலிருந்து பெயிண்டின் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்தான். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தில் மீட்டர் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். மறுபெயிண்ட் அடித்த வண்டி என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். பென்கோவுக்கு வசந்தத்தில் காரை விற்கும் எண்ணம். பானட்டில் ஏழு இடத்தில் வைத்துக் காட்டினான். "நூத்திப்பத்து மைக்ரான். நூத்திப்பத்து. நூத்திஅஞ்சு. ஃபேக்டரி பெயிண்ட்! எவனாலயும் ஒரு சொல் சொல்ல முடியாது."

"பொண்ணு பாக்கப் போனப்பவும் இப்படித்தான் மீட்டர் வச்சுப் பாத்தியா?"

"அவ விட்டிருக்க மாட்டா," என்று சிரித்தான் பென்கோ. "சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்கு ட்யூட்டி. நாலு மணிக்கு வண்டி வேணும் மேஸ்திரி."

நெதியால்கோ வேலையை ஆரம்பித்தார். போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அதனதன் துளையில் வாகாக உட்கார்ந்தன. இவ்வளவு சுலபமாக உட்கார்ந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. பதினோரு மணி இருக்கும். பம்பரைக் கழற்றிவிட்டு, கையுறையையும் கழற்றி, குறுக்குச் சட்டத்தின் பின்பக்கம் விரலை ஓடவிட்டார். வழவழவென்று போன விரல் ஓரிடத்தில் ஏறி இறங்கியது. மறுபடி ஓட்டினார். மறுபடி ஏறி இறங்கியது.

கையைத் துடைத்துக்கொண்டு தலைநகர் சோபியாவில் உள்ள பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டார். கம்பெனி சட்டம் ஒன்றே ஒன்று இருந்தது. "ஒன்றரை மணி சாந்தான்ஸ்கி பஸ்ல டிரைவர்கிட்ட குடுத்தனுப்பு," என்றார். அதன் பிறகுதான் பென்கோவைக் கூப்பிட்டார்.

"உன் மீட்டரை இங்க வை."

வைத்தான். தொள்ளாயிரத்து நாற்பது.

பென்கோ மீட்டரைத் தட்டிப் பார்த்தான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான். திரும்ப வைத்தான். தொள்ளாயிரத்து முப்பது.

"பட்டி," என்றார் நெதியால்கோ. "ஒரிஜினல்தான்டா, நான் இல்லைங்கல. ஏற்கெனவே ஒரு தடவை அடி வாங்கின ஒரிஜினல். எவனோ தட்டி நிமிர்த்தியிருக்கான். மடங்கி நிமிர்ந்த இரும்பு அடுத்த அடியில கையை விரிச்சிடும்."

"சரி, டவுன் கடைல வெளி மார்க்கெட் சட்டம் புதுசா இருக்கே. அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டு வரேன்."

"அதைத் தூக்கிப் பாத்திருக்கேன். ஒரு கையில வருது, பூனைக்குட்டி மாதிரி. உன் வண்டியில முதல்ல இருந்ததைத் தூக்க எனக்கு ரெண்டு கை வேண்டியிருந்தது. விளக்குன்னா அந்தக் கடைல வாங்கு, நானே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இது விளக்கு இல்ல."

பென்கோவின் முகம் சிவந்தது. "இன்னிக்கு மட்டும் இதை மூடிக் குடுங்க. பிளாஸ்டிக் போட்டா யாரு பாக்கப் போறா?"

நெதியால்கோ கையிலிருந்த ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. அதே வார்த்தைகள். குனிந்து எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"முடியாது," என்றார்.

"என் வண்டி மேஸ்திரி!"

"உன் வண்டிதான். தள்ளிக்கிட்டுப் போ. நான் இதை மூட மாட்டேன்."

மூன்று மணிக்கு ரலிட்சாவே வந்துவிட்டாள். கையில் பை, நர்ஸ் உடுப்புக்கு மேலே கோட்டு. கார் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, ரெண்டு பேரும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?"

பென்கோ முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்லம்மா. சின்ன விஷயம். மேஸ்திரி இதைப் போய்ப் பெரிசு பண்றாரு."

நெதியால்கோ அவளை அருகில் அழைத்து, அவள் விரலையே சட்டத்தின் பின்னால் வைத்து ஓட்டிக் காட்டினார். விரல் ஏறி இறங்கிய இடத்தில் அவள் நின்றாள்.

"இந்த மூக்கு வந்த வண்டியில இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?"

பென்கோ மீட்டரைப் பைக்குள் போட்டான்.

"உனக்கு இது தெரியுமா?" என்று அவனைக் கேட்டாள்.

"காலைல தெரியாது. சத்தியமா."

"பதினோரு மணிக்கு அப்புறம்?"

அவன் போனை எடுத்தான்.

"டாக்சி கூப்பிடறேன்," என்றான், குரல் இறங்கி.

"டாக்சி எதுக்கு?" நெதியால்கோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. "சட்டம் வர்ற பஸ் எங்க போகுது? சாந்தான்ஸ்கிக்குத்தானே? வா, நட."

மூவரும் மெயின் ரோட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பஸ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. டிரைவர் அட்டையில் சுற்றிய நீளமான பொட்டலத்தை வெளியே நீட்டினார். "யாருய்யா இதுக்கு? பிணம் மாதிரி கனக்குது! சீக்கிரம்!"

"பார்சலை இறக்குங்க, நர்சை ஏத்திக்கங்க," என்றார் நெதியால்கோ.

ரலிட்சா படியேறினாள். கதவு மூடும் முன் திரும்பி, "நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வரணும்," என்றாள் பென்கோவிடம். "புதுச் சட்டத்தோட. பம்பரை மாட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும்."

பஸ் மலையிடுக்குப் பக்கம் திரும்பி மறைந்தது. பென்கோ பொட்டலத்தை ஒரு கையால் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

எதிரே, மலையிடுக்கிலிருந்து, மீட்பு லாரி ஒன்று வந்தது. நெதியால்கோ நின்றார். பென்கோவும் தோள் சுமையோடு நின்றான். லாரியின் முதுகில் கிடந்தது சிவப்பு வண்டி, முகமே இல்லை.

"தெரிஞ்ச வண்டியா மேஸ்திரி?"

"இல்ல," என்றார் அவர். "நட. இருட்டறதுக்குள்ள மாட்டிடலாம்."