ஃப்ளாண்டர்ஸில் இல்லாத மலை

தங்கை மகள் அபிரா பாரிசில் பிறந்தவள். அங்குள்ள பெரிய அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பிரெஞ்சில் விளக்குவது அவளுடைய தொழில். முதல் தடவையாகத் தமிழில் விளக்கப் போகிறாள் என்றதும், மே மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த நான் அந்த ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்றே ஒதுக்கினேன்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் பத்துப் பேர் சேர்ந்தோம். பெரும்பாலும் ரூ பிலிப்-து-ஜிரார் தெருக் கடைக்காரர்கள். பலசரக்குக் கடை ரவி முதலிலேயே சொல்லிவிட்டார்: "பிள்ளை, பிரெஞ்சிலை துவங்கினால் நாங்கள் பாதியிலை கடைக்குத் திரும்பிடுவம்." எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. ஆட்கள் கடைசிவரை நின்றால்தான் தமிழ் விளக்கம் தொடரும் என்று அருங்காட்சியக மேலிடத்தில் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

மார்க்ஸ் டோர்மோய் நிலையத்திலிருந்து 12ஆம் இலக்க மெட்ரோ, நடுவில் ஒரு மாற்றம், அரை மணித்தியாலம். சீட்டு இரண்டரை யூரோவுக்குச் சற்று மேல்.

முதல் ஓவியம் ஐந்நூறு வருடம் பழையது. குழந்தையுடன் மாதா இளைப்பாறுகிறாள். பின்னால் விளைந்த வயல், வெள்ளை ஆடுகள், தொலைவில் நீல மலைகள். ஃப்ளாண்டர்ஸ் நாட்டுப்புறம் என்றாள் அபிரா.

"பெல்ஜியத்திலையோ? வாரா வாரம் சாமான் ஏத்த வான் கொண்டு போறனான். அங்கை ஒரு மேடும் இல்லையே!" என்றார் ரவி.

அபிரா தடுமாறி பிரெஞ்சில் ஏதோ தொடங்கினாள். "நான் கடையைத் திறக்கப் போறன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் நிறுத்தினாள். "ரவியண்ணை, உங்கட கலியாண அல்பத்திலை பின்னாலை என்ன நிக்குது?"

"சுவிஸ் மலை."

"சுவிசுக்குப் போனனீங்களோ?"

"எங்கை! இங்கை பக்கத்திலை, கார்ஜிலை ஒரு ஸ்டூடியோவிலை எடுத்தது."

"இந்தப் படம் கீறினவரும் அப்பிடித்தான் அண்ணை. தன்ரை ஊர் வயலோடை, இல்லாத மலையையும் கீறினார். மாதாவுக்குப் பின்னாலை உலகத்து வடிவெல்லாம் நிக்கட்டும் எண்டு."

ரவி ஓவியத்தை நெருங்கிப் பார்த்தார். "ஓம், ஆடும் ஸ்டூடியோ ஆடுதான். ஒண்டிலையும் சேறு இல்லை." காவலர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரிப்பு. அதன் பிறகு ஒருவரும் கடையை நினைக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன்: நல்ல உதாரணம் கேட்பவரின் வீட்டிலிருந்துதான் வரும். அவள் அதைத் தானாகவே கண்டுகொண்டாள்.

போகிறவர்களுக்கு: செவ்வாய் விடுமுறை. நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே வாங்குங்கள். ஃப்ளாண்டர்ஸ் அறைகளுக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும். தமிழ் விளக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுக்கவேண்டும்: அடுத்த நான்கு ஞாயிறுகளும் நிரம்பிவிட்டன.